சாமியார் பங்களாவுக்குத் தைத்த திரைகள்

பெரியவள் ஸ்டூலின் மேல் ஏறி நின்று, அளவு நாடாவைத் திரைக்கம்பியிலிருந்து கீழே தொங்கவிட்டபோதுதான் அந்த மணி அடித்தது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில், குண்டானைக் கவிழ்த்து ஒட்டி வைத்தது போன்ற பித்தளை மணி. அது போட்ட போட்டில் ஸ்டூல் ஆடியது, நாடா கைநழுவியது. உதட்டில் கடித்திருந்த குண்டூசி உள்ளே போகாமல் தப்பியதே பெரிய காரியம்.

"அம்மாடி! என்னடா இது, வீடு இடிஞ்சு விழுதா?"

கதவோரம் நின்ற சின்னவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நோயாளி மணி அக்கா. கேட்டுல ஒரு பொத்தான் இருக்கு. யாருக்காவது உடம்பு முடியாமப் போய் சாமி உடனே வரணும்னா அதை அமுக்குவாங்க. முன்னாடி இருந்த ஒரு சாமியாருக்குக் காது மந்தமாம். அதான் தலைமாட்டுலயே வெச்சிருக்காங்க."

"அவருக்குக் காது மந்தம்னா வர்றவங்க காதையெல்லாம் மந்தமாக்கணுமா?"

கீழேயிருந்து கோயில்பிள்ளையின் குரல் வந்தது. கோயிலைத் திறப்பதும் பூட்டுவதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அவர் வேலை. "சாமி, வேலை செய்யுதா?"

"அருமையா வேலை செய்யுது," என்று சின்னவன் கத்தினான். "இங்க ஒரு நோயாளி புதுசா உருவாகியிருக்காங்க."

அந்த வீட்டுக்கு ஊரார் வைத்த பெயர் சாமியார் பங்களா. எந்தக் காலத்திலோ ஒரு பணக்காரர், பிள்ளைகுட்டிகளோடும் வேலைக்காரர்களோடும் வாழக் கட்டியது. கடைசியில் வாரிசு இல்லாமல் கோயிலுக்கு எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து பங்குக்கு, அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவ மக்களுக்கு, வருகிற சாமியார் ஒருவர், ஒரே ஒருவர், அதில் குடியிருந்து வந்தார். கீழே நீளமான கூடம். ஒரு கல்யாணப் பந்தியையே உட்கார வைக்கும் சாப்பாட்டு மேசை. மாடியில் வரிசையாக அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஆளுயர ஜன்னல்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் பெரிய ஆஸ்பத்திரி. மாடி ஜன்னலைத் திறந்தால் அதன் வாசலும் ஆம்புலன்ஸ்கள் திரும்புகிற இடமும் தெரியும்.

பெரியவளுக்கு அந்த வீட்டில் மிகவும் பிடித்தது சுவர்கள். எந்த அறைக்குள் போனாலும் முதலில் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது அவள் பழக்கம். இங்கே எல்லாச் சுவரும் காய்ந்து, வெயில் பட்ட கல்லைப் போல் இதமாக இருந்தன.

அதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் வளர்ந்தது ஒற்றை அறை வீட்டில். அப்பா லாரி ஓட்டினார். அம்மா வீடுகளுக்குத் துணி துவைத்துக் கொடுத்தாள். வீட்டுக்குள்ளேயே ஈரத்துணி தொங்கும், சுவர் எந்நேரமும் வியர்க்கும். சின்னவனுக்குப் பிறந்ததிலிருந்தே இழுப்பு. நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவது போல் மூச்சு வரும். படிப்பிலோ புலி. வீட்டில் இருக்கிற சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் அவன் படிக்க இடமில்லை என்று, பள்ளிக்கூடத்தை அப்போதுதான் விட்டிருந்த பெரியவள், பழைய போர்வை ஒன்றை வெட்டி, மேலே கயிறு கோத்து, ஒரு மூலையை மறைத்துக் கொடுத்தாள். அவள் வாழ்க்கையில் தைத்த முதல் திரை அதுதான். ஓரம் கோணல்மாணலாக இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்து ஏடு புரளும் சத்தம் கேட்கும்போதெல்லாம், அவளுக்கு ஏதோ தானே பரீட்சை எழுதிப் பாஸானது போல் இருக்கும்.

அந்தத் திரைதான் அவளுக்குத் தொழிலாகவும் ஆனது. திரைச்சீலைக் கடையில் தையல்காரியாகச் சேர்ந்தாள், கல்யாணம் ஆனது, பிள்ளைகள் வளர்ந்தார்கள், இன்னும் அதே கடை, அதே மெஷின். சின்னவன் சாமியாருக்குப் படிக்கப் போனான். சாமியாராகவும் ஆனான். அந்தக் கடைக்கு வருகிற யாரும் ஒரு ஜன்னலுக்குத் திரை வாங்கிப் போவதற்குள் "எங்க வீட்டுச் சாமி" கதையைக் கேட்காமல் போக முடியாது. "ஏம்மா, உன் தம்பி கதையையும் மீட்டர் கணக்குல வித்தா நாம எப்பவோ பெரிய ஆளாயிருக்கலாம்," என்பார் கடைக்காரர்.

தம்பியை எப்படிக் கூப்பிடுவது என்பதில் அவளுக்கு ஒரு கறாரான சட்டம் இருந்தது. நாலு பேர் முன்னால் "ஃபாதர்", "நீங்க". கதவு சாத்தியதும் "டேய்". கோயில் வாசலில் "ஃபாதர், நீங்க மருந்து எடுத்துக்கிட்டீங்களா?" என்று கைகட்டிக் கேட்டவள், வீட்டுக்குள் வந்ததும் "டேய், பொய் சொன்னே, பல்லைத் தட்டிருவேன்" என்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இரண்டும் இடம் மாறியதில்லை.

முதலில் அவனுக்குக் கிடைத்த பங்குகள் எல்லாமே சின்னவை. கோயிலுக்குப் பின்னால் ஒட்டுப்போட்ட அறை, ஒழுகுகிற கூரை, பாசி பிடித்த சுவர். ஒவ்வொரு மழைக்கும் அவன் இழுப்பு கூடும். பெரியவள் கடவுளிடம் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. இவன் காய்ந்த சுவருக்குள் ஒரு நாள் படுத்துத் தூங்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது அது பத்து மடங்காகக் கிடைத்துவிட்டது. அதனால்தான் துணியைப் பங்கு மக்கள் வாங்கிக் கொடுக்கட்டும், எல்லா ஜன்னலுக்கும் நானே தைக்கிறேன், கூலி என்று யாராவது பேச்செடுத்தால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாள்.

கரும்பச்சையில் இலைக்கொடி போட்ட கனமான துணி. உள்ளே வெளிர் நிறத்தில் மெத்தென்ற உள்துணி. இரண்டு துண்டு சேரும் இடத்தில் இந்தப் பக்கத்து இலை பாதியும் அந்தப் பக்கத்து இலை பாதியும் பொருந்தி ஒரே இலையாக நிற்க வேண்டும். படுக்கையறைத் திரையில் ஓர் இலை நூலளவு விலகிவிட்டது. யாருக்கும் தெரியாது என்று கடையில் எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தெரியுமே என்று பிரித்து மறுபடி தைத்தாள்.

திரை மாட்டப் போன அன்று சின்னவன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசி வளையம் கம்பியில் ஏறியதும் பெரியவள் இறங்கி, இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தாள். திரை ஆடாமல் அசையாமல், ராஜா வீட்டுத் தூண் மாதிரி விழுந்தது.

"எப்படிடா?"

"ரொம்ப நல்லா இருக்கு அக்கா," என்றான். பிறகு, "நான் இங்க இருக்கப் போறதில்ல," என்றான்.

"ஏன், பேய் இருக்கா?"

"இருந்தாலாவது துணைக்கு ஆள் இருக்குன்னு சொல்லிக்கலாம்."

அப்புறம்தான் விஷயம் வந்தது. முந்தின வாரம் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற அம்மா ஒருத்தி, செத்துப்போன கணவனுக்காகப் பூசை வைக்கக் கேட்டு வந்திருந்தாள். கூடத்தில் உட்காரச் சொன்னதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஃபாதர், இங்க எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டாளாம். நான் மட்டும்தான் என்றதும், குத்தலே இல்லாமல், நிஜமான அக்கறையோடு, "பாத்து ஃபாதர், உள்ளயே வழி தவறிடப் போறீங்க," என்றாளாம்.

"அதுக்கு?"

"அதுக்கப்புறம் எனக்கு இங்க சோறு இறங்கல அக்கா. அவங்க வீட்டுல ஆறு பேர், ஒரே அறை. நம்ம வீடு மாதிரி. ஞாயித்துக்கிழமை அவங்க முன்னாடி நின்னு எளிமையைப் பத்தி நான் என்ன வாயை வெச்சுப் பேசுவேன்? சந்தைக்குப் பின்னாடி தெருவுல ஒரு ரூம் பாத்திருக்கேன்."

"சுவர் எப்படி?"

சின்னவன் குனிந்து ஸ்டூலை ஓரமாக நகர்த்தினான். பெரியவள் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டாள். போட்ட சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்தது. "மத்தவங்க குளிர்ல இருக்காங்கன்னு நீ உன் நெருப்பை அணைக்கிறே. உனக்குப் போய்த் திரை தைச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்," என்று படியிறங்கிவிட்டாள்.

கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவையிலும் இது பெரிய பேச்சாயிற்று. தலைவர் ஒரு மரக்கடை முதலாளி. நல்ல மனிதர்தான், ஆனால் எதற்கும் முதலில் கோபப்பட்டுவிட்டுப் பிறகு யோசிக்கிறவர். "நாங்க குடுத்த வீடு வேணாம்னா எங்களையே வேணாம்னு சொல்ற மாதிரி சாமி. நாளைக்கு உங்களுக்கெல்லாம் மேல இருக்கிற ஆயர் வந்தா எங்க உட்கார வைப்போம்? சந்தைப் படிக்கட்டுலயா?" என்றார். இன்னொருவர், இப்படி ஒரு சாமியாரைப் பார்த்ததே இல்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேறொருவர் பின்வரிசையில், எல்லாம் பேர் வாங்கத்தான் என்றார். சின்னவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். ஒரு பெட்டியும் புத்தக மூட்டையுமாகச் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த மூன்றாம் மாடி அறைக்குக் குடிபோனான். பங்களா கேட்டில் தன் போன் நம்பரைப் பெரிதாக எழுதி ஒட்டினான்.

பெரியவள் சில வாரம் போகவே இல்லை. பிறகு மனசு கேட்காமல் போனாள். அறைக்குள் நுழைந்ததும் வழக்கம்போல் கை சுவருக்குப் போனது. எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை ஈரம். சின்னவன் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அந்தப் பழைய விசில் கேட்டது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"தூங்குறியா?"

"தூங்குறேன்."

"பொய் சொல்றவன் சாமியாரா இருக்கக் கூடாது."

அவனுக்குச் சூப் வைக்கக் கரியடுப்பா ஸ்டவ்வா என்று தேடி, கடைசியில் தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கினாள். குழாயடியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். வீட்டுக்காரம்மா திண்டாட்டமாக அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாங்க எப்பலேருந்து கேட்டுட்டு இருக்கோம் அக்கா? மாமியார் வீட்டுல சமையல்கட்டுலதான் மூணு பேரும் படுக்கிறோம். உங்களுக்கே தெரியும். காலியானதும் உங்களுக்குத்தான்னு சொன்னீங்க."

"சொன்னேம்மா, இல்லேங்கல. ஆனா கேட்டு வந்தது சாமி. சாமிக்குக் குடுத்தா வாடகையும் தவறாது, ஆசீர்வாதமும் கெடைக்கும். நீயா இருந்தா என்ன செய்வே?"

குடம் நிரம்பி வழிவது கூடத் தெரியாமல் பெரியவள் நின்றாள். வாழ்க்கையில் எத்தனையோ தடவை தம்பியை ஜெயிக்க ஆசைப்பட்டிருக்கிறாள். இப்போது கையில் கிடைத்ததை வைத்து ஜெயிக்க அவளுக்கே மனசு வரவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேலே போய், கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். சின்னவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"நான் கேட்கவே இல்ல அக்கா. எனக்கு முன்னாடி யாராவது கேட்டாங்களான்னு ஒரு வார்த்தை கேட்கல. அந்தப் பெரிய வீடு காலியாக் கிடக்கு. நான் ஒரு குடும்பத்தோட இடத்துல வந்து உட்கார்ந்திருக்கேன்."

"அப்ப வாயேன்டா திரும்பி."

"வந்து? மறுபடியும் நான் ஒருத்தன், பத்து ஜன்னல். அங்கயும் முடியல, இங்கயும் முடியல." அதற்கு மேல் பேச விடாமல் இருமல் வந்தது.

இதற்கிடையில் மரக்கடைக்காரர் சும்மா இருக்கவில்லை. சாமி வேண்டாம் என்றால் பங்களாவை ஒரு பெரிய கம்பெனி அதிகாரிக்கு வாடகைக்கு விட ஏற்பாடு செய்துவிட்டார். வருகிற வாடகையில் கோயில் கூரையைச் சரி செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை பேரவை கூடிச் சரி என்றால் முடிந்தது. ஒரு தடவை கைமாறிப்போனால் அந்தக் காய்ந்த சுவர்கள் இனி சின்னவனுக்கு இல்லை என்பது பெரியவளுக்குப் புரிந்தது. வருகிற அதிகாரிக்கு அவர் மனைவியே திரை கொண்டுவருவாராம், உன் திரையைக் கழற்றிக்கொண்டு போ என்று கோயில்பிள்ளை வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

கழற்றப் போனது ஒரு காலை நேரம். கீழே எல்லாவற்றையும் முடித்து மடித்து அடுக்கிவிட்டு, கடைசியாக மாடிப் படுக்கையறைக்கு வந்தாள். பிரித்துத் தைத்த இலையை ஒரு தடவை விரலால் தடவினாள். வளையங்களை ஒவ்வொன்றாக உருவி, திரையைக் கையில் வாங்கியபோது மணி அடித்தது.

இந்தத் தடவையும் ஸ்டூல் ஆடியது. கோயில்பிள்ளை விளையாடுகிறார் என்று நினைத்து "வேலை செய்யுதுப்பா!" என்று கத்தினாள். மணி நிற்கவில்லை. விட்டு விட்டு அல்ல, ஒரே மூச்சாக, யாரோ பொத்தானில் சாய்ந்துவிட்டது போல் அலறியது. திரை இல்லாத ஜன்னல் வழியாகக் கேட் நன்றாகத் தெரிந்தது. வயதான ஓர் அம்மா, நெற்றியைக் கம்பியில் முட்டிக்கொண்டு, பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் நின்றிருந்தாள். அவள் முகத்துக்குப் பக்கத்திலேயே சின்னவன் ஒட்டிய போன் நம்பர் இருந்தது. அழுதுகொண்டு வருகிறவர்கள் அறிவிப்பு படிப்பதில்லை என்பது அதை ஒட்டியவனுக்கும் தோன்றவில்லை, ஒட்டுவதைப் பார்த்த யாருக்கும் தோன்றவில்லை.

பெரியவள் கையிலிருந்த திரையை அப்படியே தரையில் போட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடினாள். தைத்து முடித்த துணியை அவள் தரையில் போட்டது அதுதான் முதல் தடவை.

"சாமி எங்கம்மா? என் வீட்டுக்காரருக்கு மூச்சு அடங்கிட்டு வருது. நர்ஸம்மாதான் எதிர்வீட்டுல மணி அடிங்க, சாமி ஓடி வருவாருன்னு சொன்னாங்க. நானும் அடிக்கிறேன் அடிக்கிறேன்..."

"வருவாரு. நீங்க அவர் பக்கத்துல போய் இருங்க. எந்த வார்டு?"

வார்டைக் கேட்டுக்கொண்டு, சின்னவனுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இராத்திரி முழுக்க இழுத்துவிட்டு விடியற்காலம் கண் அசந்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். சந்தைக்குள் புகுந்து, கூடைகளைத் தாண்டி, அந்தக் கட்டடத்தின் முதல் படியில் கால் வைத்தபோது மேலே ஏற நெஞ்சில் காற்று இல்லை. அண்ணாந்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"டேய்! டேய் சின்னவனே! எந்திரிடா! எண்ணெய்ச் சிமிழை எடுத்துட்டு வாடா!"

எல்லாக் கதவும் திறந்தன. குழாயடியில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் சாமியாரின் பெயர் சின்னவன் என்று அந்தக் கட்டடத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் இறங்கி வந்தான், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டு, நோயாளிக்குப் பூசும் எண்ணெயை நெஞ்சோடு பிடித்து, படிக்கு ஒரு விசில் சத்தத்தோடு. வழியில் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினான். இரண்டு இடத்திலும் பெரியவள் அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பெரியவர் கண் மூடிக் கிடந்தார். சின்னவன் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசிச் செபம் சொல்லும்போது, அவர் விரல்கள் மெல்ல மூடி அவன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டன. டாக்டர்கள் வந்து ஏதேதோ செய்தார்கள். மதியத்துக்குள், தாங்கிவிடுவார் போலிருக்கிறது என்றார்கள்.

அதுவரை நின்றுகொண்டே இருந்த அந்த அம்மா அப்போதுதான் சுவரோரம் உட்கார்ந்தாள். தூரத்து ஊர். ஆபரேஷனுக்காக வந்து வெகு நாளாயிற்று. இராத்திரி வராந்தா பெஞ்சியில், அதுவும் இடம் கிடைத்தால். குளிப்பது என்றால் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கழிப்பறையில் ஒரு வாளி. இதையெல்லாம் அவள் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னாள். பெரியவள் அவள் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைத்துப் பங்களாவுக்குக் கூட்டி வந்தாள். வெந்நீர் போட்டு, துண்டு கொடுத்து, மாடியில் குளிக்கச் சொன்னாள். கீழே அடுக்கி வைத்திருந்த திரைகளைப் பார்த்து, "கை ஈரமாத் தொட்டுறாதீங்க, கறை நின்னுரும்," என்று சொல்லவும் தவறவில்லை. பழக்கதோஷம்.

தேநீர் போட்டு எடுத்து வந்தபோது அந்த அம்மா தூங்கிவிட்டிருந்தாள். கட்டிலில் அல்ல. சாமியார் படுக்கிற கட்டிலில் நானா என்று நினைத்தாளோ என்னவோ, தரையில் கிடந்த அந்தப் படுக்கையறைத் திரையின் மேல் சுருண்டு, ஒரு மூலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஈரத் தலையோடு. இலைக்கொடி மேல் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது.

சின்னவன் மாடியேறி வந்து வாசலிலேயே நின்றான். பெரியவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"அக்கா," என்று கிசுகிசுத்தான், "உன் திரை."

"கசங்கினா இஸ்திரி போட்டுக்கலாம். போடா."

அவன் போகவில்லை. ஜன்னலோரம் போய் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூச்சு இப்போது கொஞ்சம் சீராகியிருந்தது. "இவங்களை மாதிரி அந்த வராந்தாவுல நிறையப் பேர் இருக்காங்க அக்கா. தினம் அவங்களைத் தாண்டித்தான் நான் வார்டுக்குப் போறேன். எந்த வீட்டுல நான் இருக்கலாம், இருக்கக் கூடாதுன்னே இத்தனை நாள் யோசிச்சேன். என்னைத் தவிர யாரெல்லாம் இருக்கலாம்னு யோசிக்கவே இல்ல."

பெரியவள் தரையில் கிடந்த துண்டை எடுத்து மடித்தாள். அவள் மனசில் ஓடியது வேறு. இந்த அறை, இந்தக் கட்டில், இந்தத் திரை எல்லாம் இவனுக்கென்று அவள் எத்தனை நாள் ஆசைப்பட்டது. அது போகப்போகிறது என்று தெரிந்தது. அதற்காகக் கொஞ்சம் வருத்தப்படவும் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பேரவையில் சின்னவன் நடந்ததை மறைக்காமல் சொன்னான், குழாயடிப் பெண்ணின் கதை உள்பட. மரக்கடைக்காரர் எழுந்து நின்றார். "அப்ப கோயில் வீட்டைச் சத்திரமாக்கப் போறீங்க. அப்படித்தானே சாமி?"

"ஆமா."

"நீங்க எங்க படுப்பீங்க?"

"அங்கயேதான். அவங்களோட."

"கூரை ஒழுகுதே, அதுக்கு வாடகை வருமானம்?"

"ஒழுகும். வாளி வெப்போம்."

"கட்டில் யார் போடுறது?"

"நீங்கதான் மரக்கடை வெச்சிருக்கீங்க," என்று பின்வரிசையிலிருந்து கோயில்பிள்ளை சொல்லிவிட்டார். கூட்டமே சிரித்தது. மரக்கடைக்காரர் சிரிக்கவில்லை. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் வண்டியில் பலகை வந்து இறங்கியது. கூடவே அவரும் வந்து, தச்சன் ஆணி அடிக்கும் லட்சணத்தைப் பற்றிப் பொழுது சாயும்வரை திட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் தேனாக நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் பேரவையை விட்டு விலகினார்கள். ஒரு வருஷம் நடத்திப் பாருங்கள், பிறகு பேசலாம் என்றுதான் ஆயர் அனுமதி கொடுத்தார். கோயில் கூரை இன்னும் ஒழுகுகிறது. மழை நாளில் வாளிச் சத்தத்துக்கு மேல் பாட்டுப் பாட வேண்டியிருக்கிறது. மூன்றாம் மாடி அறைக்குக் கைக்குழந்தைக்காரி குடிவந்தாள். அவள் வருவதற்கு முன் சின்னவனே நின்று, வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு, அந்தச் சுவரைச் சுரண்டிப் பூசிக்கொடுக்க வைத்தான்.

கூடத்திலும் மாடி அறைகளிலும் கட்டில்கள் போட்டாயிற்று. ஒரு குடும்பத்துக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் நடுவே மறைப்பு வேண்டும். அந்நியர் முன்னால் யார்தான் நிம்மதியாகத் தூங்குவார்கள், அழுவார்கள்? திரைகளைக் கொண்டுவா என்று யாரும் பெரியவளிடம் கேட்கவில்லை. அவளே மூட்டையோடு வந்து, கூடத்துத் தரையில் விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டாள். ஜன்னல் அளவு வேறு, மறைப்பு அளவு வேறு. வெட்டித்தான் ஆக வேண்டும். பொருத்திப் பொருத்தித் தைத்த இலைகளுக்கு நடுவே கத்தரிக்கோல் போனபோது ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் சரசரவென்று வெட்டினாள். கீழே எட்டாத இடத்தில் உள்துணியை ஒட்டுப்போட்டு நீளமாக்கினாள். மாட்டி முடித்ததும் பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ராஜா வீட்டுத் தூண் மாதிரி இல்லை. ஆனால் நேராக விழுந்தது.

சின்னவன் தனக்கென்று எடுத்துக்கொண்டது வாசலை ஒட்டிய சின்ன அறை. முன்பு குடைகளும் உடைந்த மெழுகுவர்த்தித் தண்டுகளும் கிடந்த இடம். ஒரு கட்டில், ஒரு மேசை, புத்தகங்கள். அவ்வளவுதான் கொள்ளும். அவள் உள்ளே போனதும் அவன் ஒதுங்கி நின்றான், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவன் போல. பெரியவள் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். அந்தப் பக்கம் சமையலறை அடுப்பு. இந்தப் பக்கம் காலை வெயில். கை வெதுவெதுப்பாக, காய்ந்து வந்தது.

"பாஸா?" என்றான்.

"பாஸ்."

அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் குட்டி. படுக்கையறைத் திரையில் வெட்டியது போக மிஞ்சிய துண்டு அதற்குச் சரியாக இருந்தது. பிரித்துத் தைத்த அந்த இலை நட்டநடுவில் வந்தது. அவள் ஸ்டூலில் ஏறி அதை மாட்டிக்கொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வீட்டுக்குப் போகும் முன் சொல்லிக்கொள்ள அந்தத் தூரத்து ஊர் அம்மாவும், கைத்தாங்கலாக அவள் கணவரும் வந்திருந்தார்கள். பெரியவர் இளைத்திருந்தார், ஆனால் நடந்து வந்திருந்தார்.

"ஃபாதர், உங்களைத்தான் பாக்க வந்திருக்காங்க," என்றாள் பெரியவள், சட்டப்படி.

"அவங்க உன்னைத்தான் கேக்குறாங்க அக்கா."

"அன்னைக்கு அந்த விரிப்பை ஈரமாக்கிட்டேனேம்மா," என்றாள் அந்த அம்மா. "கறை போச்சா?"

"எங்கம்மா போகுது? இதோ இருக்கு பாருங்க, இலைக்குப் பக்கத்துல." பெரியவள் திரையை விரித்துக் காட்டினாள். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அப்போது மணி அடித்தது. இப்போது அது அந்தக் குட்டி அறைச் சுவரில், கதவுக்கு மேலே இருந்தது. வந்திருந்த இருவரும் பதறிப் பின்வாங்கினார்கள். பெரியவள் ஸ்டூலின் மேல் அசையாமல் நின்றாள். குண்டூசி உதட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது.

சின்னவன் எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கேட்டுக்கும் அறைக்கும் நடுவே சில எட்டுதான். அவன் போகும்போது அவள் காது கொடுத்துக் கேட்டாள். காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"போங்க ஃபாதர், போங்க," என்றாள் பல்லிடுக்கில் குண்டூசியோடு. "இன்னும் ரெண்டு வளையம்தான். நான் பாத்துக்கிறேன்."